வலப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சோழபுரம் வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே வாசல் தெளித்தாகிவிடும். சாணி கரைத்துத் தெளித்த ஈரம் காய்வதற்குள் புள்ளி வைத்தாக வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே மாவைக் கிள்ளி, குனிந்த வாக்கில் நடு வரிசையை முதலில் வைப்பார்கள்: ஏழு புள்ளி. அதற்கு மேலும் கீழும் ஐந்து, அடுத்து மூன்று, கடைசியில் ஒன்று. ஆக மொத்தம் 25. அரைத் தூக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சிறுமிக்கும் ஒரு பிடி மாவு கிடைக்கும். ஓரத்துப் புள்ளிகள் அவள் பொறுப்பு.

ஒன்பதாம் வகுப்பில் ‘ஆயத்தொலை வடிவியல்’ வரும்போது அதே பெண் கிராஃப் தாளில் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். நடுப்புள்ளிக்கு ஆதிப்புள்ளி என்று பெயர் மாறியிருக்கும், அவ்வளவே.

வாசலில் கோலமிடும் வழக்கத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாட்சி உண்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, தை மாதத்தில் தரையைத் துலக்கி மண்டலமிடுவதோடும் வீதியை நுண்மணலால் அணி செய்வதோடும் தொடங்குகிறது. அடுத்த பதிகம் முழுக்க, சிறுமியர் மணலில் கட்டிய சிற்றிலைக் கண்ணன் வந்து அழிக்கக் கூடாது என்ற கெஞ்சல். புள்ளியைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆனால் தரையில் இடத்தைப் பங்கிட்டு விளையாடுவது பெண்பிள்ளைகளின் அன்றாடமாக இருந்தது தெரிகிறது.

ஐரோப்பாவில் ஆயத்தொலை வடிவியல் 1637-இல் ரெனே டேக்கார்ட்டின் வடிவியல் நூலோடு தொடங்குவதாகச் சொல்வது வழக்கம். படுத்தபடியே கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்தபோது அவருக்கு இது தோன்றியது என்ற கதை வகுப்பறையில் நன்றாக எடுபடும்; ஆதாரம்தான் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அச்சு போட்டு நான்கு கால்பகுதியாகப் பிரித்த படமும் அந்த நூலில் இல்லை. எதிர்ம எண்கள் உள்ள பக்கங்களையும் சேர்த்துத் தளம் முழுவதையும் தாராளமாகப் புழங்கியது, 1704-இல் நியூட்டன் வெளியிட்ட முப்படி வளைகோட்டு ஆய்வு. வாசலிலோ இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வலப்பக்கத்துக்கு இளைத்தவை அல்ல. மூன்று புள்ளி இந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கமும் மூன்று.

பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுவது வரிசைச் சோடியில் எந்த எண் முதலில் என்பதில்தான். பக்கவாட்டு எண் முன்னே, மேல்-கீழ் எண் பின்னே. நடு வரிசையைக் குறுக்கே வைத்து முடித்த பிறகுதான் மேலே போக வேண்டும் என்று கைக்குப் பழகியிருந்தால் இந்தக் குழப்பம் வர வாய்ப்பு குறைவு.

புள்ளி என்பது முகவரி. அதைச் சுற்றி ஓடும் கம்பி என்பது வழி. கோலத்துக்கு இரண்டும் வேண்டும். இந்த இரண்டையும் கணிதமாகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் ஒரு கணினி வரைகலை ஆய்விதழில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். சின்னக் கோலத்திலிருந்து அதே சாயலில் பெரிய கோலம் எப்படி வளர்கிறது என்பதற்கு அணி வடிவிலான விதிகள் அவை. 1980-களில் கிஃப்ட் சிரோமணி கம்பிக் கோலத்துக்கு வந்தார்: நேரே போ, வலப்பக்கம் வளை, புள்ளியைச் சுற்றித் திரும்பு என்று நகர்வுகளின் தொடராகவே ஒரு கோலத்தை எழுதிவிடலாம். அமெரிக்காவில் 1967-இல் குழந்தைகளுக்காக உருவான ‘லோகோ’ கணினி மொழியின் ஆமையும் இப்படித்தான் படம் போடும்.

அச்சில் கோலம் வந்தபின் குறிப்பெழுத்தும் சுருங்கியது. மங்கையர் மலர் போன்ற இதழ்களில் ‘ஊடுபுள்ளி, 15 முதல் 8 வரை’ என்று ஒரு வரி இருந்தால் போதும், 169 புள்ளியும் தானாக வந்து உட்கார்ந்துவிடும். பெண்பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டு அந்தக் காலத்தின் கிராஃப் தாள். இன்று ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய வாசலில் புள்ளியை எண்ண வேலையில்லை. அதில் இழப்பு கோலத்துக்கு மட்டுமல்ல என்றே படுகிறது.

மாவு வேண்டாம், சிமெண்டுத் தரையும் சாக்பீஸும் கொஞ்சம் புளியங்கொட்டையும் இருந்தால் விளையாட்டு தயார். ஏழு புள்ளிக் கோலத்துக்கான 25 புள்ளிகளை வைத்து, நடுவில் பூஜ்யம் எழுதிவிட வேண்டும். “வலப்பக்கம் இரண்டு, மேலே ஒன்று” என்று அம்மா சொல்ல, பிள்ளை அங்கே கொட்டையை வைக்க வேண்டும். பிறகு பிள்ளை சொல்ல, அம்மா வைக்க வேண்டும். கொஞ்சம் பழகியதும் திசையை விட்டுவிட்டு எண்களை மட்டும் சொல்லலாம்; இடமும் கீழும் கழித்தல் குறி பெறும். வலது மேல் ஓரத்து நான்கு புள்ளிகளின் எண்களை எழுதிக் கூட்டச் சொன்னால் ஒவ்வொன்றிலும் மூன்றே வரும். எக்ஸ் கூட்டல் ஒய் சமம் மூன்று என்ற நேர்கோடு அது.

அடுத்த நாள் ஊடுபுள்ளிக்கு மாறினால் வம்பு தொடங்கும். மேல் வரிசையின் ஆறு புள்ளிகளும் கீழ் வரிசைப் புள்ளிகளுக்கு இடையே உட்காரும். பூஜ்யத்துக்கு நேர் மேலே புள்ளியே இருக்காது. அதை ஒட்டிய புள்ளிக்கு எண் கேட்டால், பிள்ளை வலப்பக்கம் அரை, மேலே ஒன்று என்றுதான் சொல்லியாக வேண்டும்.