தலைச்சுற்றல்: மூளையிலிருந்து காதுக்கு

குமட்டலும் வாந்தியும் சேர்ந்த தலைச்சுற்றலை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய மருத்துவர்கள் பெரும்பாலும் மூளைக் கோளாறாகவே கருதினர். மூளையில் இரத்தம் தேங்குவதே காரணம் என்று எண்ணி, அட்டை விட்டும் இரத்தம் வடித்தும் பார்த்தனர். 1861-இல், பாரிஸ் காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவர் புரோஸ்பர் மெனியேர், கோளாறு உட்காதில் இருக்கலாம் என்று அறிவித்தார். தலைச்சுற்றலுடன் காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வரும் நோய் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

வியன்னா மருத்துவர் ராபர்ட் பாராணி, நோயாளிகளின் காதைக் கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் தலை சுற்றுவதையும் கண்கள் துடிப்பதையும் கவனித்தார். உடல் வெப்பத்தில் இருந்த தண்ணீர் அப்படிச் செய்யவில்லை. உட்காதிலுள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம் வெப்ப வேறுபாட்டால் நகர்வதே காரணம் என விளக்கினார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி.

உட்காதுக் கோளாறுகளில் மிகப் பரவலானது, படுக்கையில் புரளும்போது வரும் சுற்றல். அதைக் கண்டறியும் சோதனையை 1952-இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரு மருத்துவர்கள் வகுத்தனர். அரைவட்டக் குழாய்க்குள் இடம் பெயர்ந்த கால்சியம் துகள்களே காரணம் எனப் பின்னர் தெளிவானது. தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களைக் குழாயிலிருந்து வெளியேற்றும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992-இல் விரிவாக வெளியிட்டார். மாத்திரையும் அறுவையும் இல்லாத அம்முறையே இன்று இதற்கான முதன்மைச் சிகிச்சைகளுள் ஒன்று.