ஸ்கோலோபென்ட்ரா

பூரான்களில் மிகப் பெரியவை அடங்கிய பேரினம். தென்னமெரிக்காவின் ஸ்கோலோபென்ட்ரா ஜைகான்டியா சுமார் 30 செ.மீ. வரை வளரும். வகுப்பு கைலோபோடா, வரிசை ஸ்கோலோபென்ட்ரோமார்ஃபா, குடும்பம் ஸ்கோலோபென்ட்ரிடே. 1758இல் லின்னேயஸ் பெயரிட்டார். வகைமாதிரி இனம் ஸ்கோலோபென்ட்ரா மோர்சிடான்ஸ். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பெரிய பூரானைச் செய்யான் என்பர்.

உடலில் 21 இணைக் கால்கள் உண்டு. தலையின் இருபுறமும் நான்கு நான்காகத் தனிக்கண்கள் இருக்கும். தலைக்கு அடியில் வளைந்து நிற்கும் நச்சுக்கொடுக்குகள் பல்போலத் தோன்றினாலும், முதல் உடற்கண்டத்தின் கால்களே அவ்வாறு மாறியுள்ளன. ஆகவே பூரான் 'கடிக்கிறது' என்பது வழக்குச்சொல் மட்டுமே. கடைசி இணைக் கால்கள் தடித்து, முட்கள் கொண்டிருக்கும். அவை நடக்கப் பயன்படுவதில்லை. அந்த முட்களின் எண்ணிக்கையும் அடுக்கும் இனங்களைப் பிரித்தறிய மிகவும் உதவுகின்றன.

பேரினத்தை உறுதிசெய்ய மூச்சுத்துளைகளைப் பார்க்க வேண்டும். கைலென்சில் பக்கவாட்டில் நோக்கினால், முக்கோண வடிவில், உள்ளே மூன்று மடல்களால் மூடப்பட்ட ஒன்பது இணைத் துளைகள் தெரியும். கால் தாங்கும் 7ஆம் கண்டத்தில் துளை இராது. உருவில் ஒத்த எத்மோஸ்டிக்மஸ் பேரினத்தில் அக்கண்டத்திலும் துளை உண்டு. அதன் துளைகளுக்கு மடலும் இல்லை.

நிறத்தை நம்பி இனம் சொல்வது பெரும் பிழைக்கு இட்டுச்செல்லும். ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறிப் பட்டையிட்ட ஸ்கோலோபென்ட்ரா ஹார்ட்விக்கி விதிவிலக்கு; அதைப் பார்த்ததும் அடையாளம் காணலாம். மோர்சிடான்சின் நிறமோ இடத்துக்கு இடம் மாறும். தென்னமெரிக்காவின் ஸ்கோலோபென்ட்ரா ஜைகான்டியா சுமார் 30 செ.மீ. வரை வளரும்.