நீர் புகாத கைக்கடிகாரம்

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கோவிந்தாபுரத்தில் கைக்கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் ஒளிப்பதே நம்மவர் வழக்கமாயிருந்தது. ரயிலின் நேரம் பார்த்துப் பிழைக்கும் நமக்கு இஃது எத்துணைத் தொல்லை!

1926-இல் ரோலெக்ஸ் நிறுவனத்தார் 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தை வெளியிட்டனர். பெயரின் பொருள் சிப்பி. அதன் பின்மூடியும் சாவித் திருகும் மரையிட்டு இறுக்கப்பட்டவை. இதனை அணிந்தே மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் நங்கை ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார் எனப் பலர் எழுதுவர். அது சரியன்று. அவர் கடந்தது 1927 அக்டோபர் 7-இல். பிறிதொருவர் செய்த புரட்டால் அவ்வெற்றியும் ஐயுறப்படவே, அக்டோபர் 21-இல் மீண்டும் இறங்கினார். கடிகாரம் உடன் சென்றது அன்றுதான். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தியபின், குளிர் மிகுதியால் அவரைப் படகிலேற்ற நேர்ந்தது, கடிகாரமோ ஓடிக்கொண்டேயிருந்தது.

நம் நாட்டில் 1961-இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானியச் சிட்டிசன் கூட்டுறவுடன் பெங்களூரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிற்று. 2002-இல் டைட்டன் வெளியிட்ட 'எட்ஜ்' 3.5 மில்லிமீட்டர் கனமே உடையதாயினும் 30 மீட்டர்க் குறி பெற்றது.

அக்குறியைக் கண்டு ஆற்றில் குதித்துவிட வேண்டா! கைகழுவும் நீரும் மழைத்துளியும் தாங்கும் என்பதே அதன் பொருள். வெந்நீரும் சவர்க்காரமும் உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தைத் தளர்த்திவிடும். ஆதலின் பாட்டரி மாற்றும்போதெல்லாம் அவ்வளையத்தையும் பார்க்கச் சொல்லுதல் நலம்.