பல்லாவரம் முதல் வல்லம் வடகால் வரை

சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ், 1910-இல் சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்தார். கட்டிக்கொடுத்தது கோச் வண்டிக்குப் பேர்போன சிம்ப்சன் நிறுவனம். பறக்கவிட்டுப் பார்த்தது பல்லாவரத்தில். ஓட்டல்காரர்தானே என்று அவரை நாம் மறந்துவிட்டது நியாயமே இல்லை.

அன்றைய விமானம் மரச்சட்டமும் துணியும்தான். தகடு வந்தபோது சிக்கலும் கூடவே வந்தது. அலுமினியத் தகட்டில் ரிவெட் அடிக்கப் பெரும்பாலும் இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் கன் பிடிப்பார். உள்ளே இன்னொருவர் ரிவெட்டின் வாலில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். விமானத்தின் வால்பக்கம் போகப்போக அதன் கூடு குறுகும். தோள்வரை கையை விட்டு, விரலால் தடவித்தான் இடம் பிடிக்கவேண்டும். கட்டி கொஞ்சம் சாய்ந்தாலும் ரிவெட் மடங்கிவிடும். அதைத் துளைத்தெடுத்து மறுபடி அடிக்கவேண்டும்.

கை எட்டாத இடத்துக்கு, ஒரே பக்கமிருந்து இழுத்து இறுக்கும் ரிவெட் கைகொடுத்தது.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை டி ஏஞ்சலிஸோடு முடிந்துவிடவில்லை. மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016-இல் ஒரு கண்காட்சிக்காக அதைக் கிரேன் வைத்து இறக்கினார்கள்.

பல்லாவரத்துக்கு மேற்கே, கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில், வல்லம் வடகாலில் சிப்காட் இப்போது விமானத் தொழிலுக்கென்றே ஒரு பூங்கா அமைத்திருக்கிறது.