நம் வீட்டுப் பழைய வாள்களும் கத்திகளும் சொல்லும் வரலாறு

பொன்விழா மலருக்காக உறுப்பினர் வீடுகளில் இருக்கும் பழைய பொருள்களைக் கேட்டபோது, நிழற்படங்களும் பாஸ்போர்ட்டுகளும் பழைய கூட்டக் குறிப்புகளும் வரும் என்றுதான் நாம் எதிர்பார்த்தோம். அவை வந்தன. அவற்றோடு நாம் கேட்காத மூன்று பொருள்களும் வந்து சேர்ந்தன: ஒரு கெரிஸ், ஒரு கட்டாரி, ஒரு நீண்ட வாள். மூன்றும் ஆயர் தாவாரிலும் சுற்று வட்டாரத்திலும் வாழும் மூன்று குடும்பங்களுக்குச் சொந்தமானவை. பழைய கைலித் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியிலும் அலமாரியின் மேலும் பல ஆண்டுகளாகக் கிடந்தவை.

ஒவ்வொன்றோடும் ஒரு கதை வந்தது. கெரிஸ், பாட்டனாரின் மளிகைக் கடைக்கு வந்துபோன மலாய் நண்பர் கொடுத்தது. கட்டாரி, ஊரிலிருந்து கப்பலில் வந்தது. வாளோ, திப்பு சுல்தானின் படையில் இருந்த முன்னோருடையது. இக்கதைகளை அப்படியே அச்சிட்டிருக்கலாம். ஆனால் நாளை நம் பேரப்பிள்ளைகள் இந்த மலரைச் சான்றாக எடுத்துப் பேசுவார்கள். ஆகவே, கதையைக் கேட்டதோடு நில்லாமல் இரும்பையும் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

வாளை வகை பிரித்த அறிஞர்

பழைய வாள்களை ஊர் வாரியாக வகை பிரிக்கும் கலை ஐரோப்பியர் தொடங்கியதன்று. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்-கிந்தி, கலீஃபா அல்-முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உருக்கின் தன்மை, அலகின் வடிவம், அதில் தெரியும் நீரோட்டம் போன்ற கோடுகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வாள் எந்த ஊரைச் சேர்ந்தது என்று சொல்லும் நூல் அது. யமன் வாள்கள், இந்திய வாள்கள், ஸரன்தீப் எனப்பட்ட இலங்கை வாள்கள் எல்லாம் அதில் வருகின்றன. 'கலஈ' என்று ஒரு வகையும் உண்டு. அந்தப் பெயருக்குரிய 'கலா' என்ற துறைமுகம் மலாய்த் தீபகற்பத்தின் கெடா பக்கம் இருந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

அரபியில் 'முஹன்னத்' என்ற சொல் இந்திய உருக்கால் ஆன வாளைக் குறிக்கும். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முன்னிலையில் பாடிய 'பானத் சுஆத்' கவிதையிலும் இச்சொல் இடம்பெறுகிறது. அந்த இந்திய உருக்கில் தென்னாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இரும்பும் உருக்கும் செய்ததற்கான உலைத் தடயங்கள் கிடைத்துள்ளன. இரும்பை மரத்துண்டு, இலைகளோடு மண் மூசையில் இட்டு, வாயை மூடிச் சூளையில் உருக்கும்போது கரி இரும்பில் ஏறி உயர்ந்த உருக்காகிறது. ஐரோப்பியர் இதை 'வூட்ஸ்' என்றனர். நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களின் திரிபே அது என்பர். இந்த உருக்குக் கட்டிகள் கடல் கடந்து பாரசீகம் வரை சென்று, 'டமாஸ்கஸ் வாள்' என்று புகழ்பெற்ற வாள்களாயின.

கெரிஸ்: பகுதி பகுதியாகப் படிக்க வேண்டியது

முன்பு நாம் புழங்கிய ஒரு வெள்ளிக் காசில் கெரிஸ் படம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். நமது பேராக் மாநிலத்தின் அரச சின்னங்களிலும் தாமிங் சாரி என்ற கெரிஸும், சூரா சி மஞ்சாகினி என்ற வாளும் உண்டு. தாமிங் சாரி ஹாங் துவாவின் கெரிஸ் என்பது மரபு.

நம்மிடம் வந்த கெரிஸை முதலில் வளைவு எண்ணிப் பார்த்தோம். அடியிலிருந்து நுனி வரை இருபுறமும் வரும் வளைவுகளை மலாயில் 'லூக்' என்பர். அவை எப்போதும் ஒற்றைப்படையாக வரும். நம்முடையதில் 7. வளைவே இல்லாத நேர் கெரிஸும் உண்டு. அடுத்தது 'கஞ்சா'. அலகின் அடியில் குறுக்கே நிற்கும் இந்தப் பகுதி, பெரும்பாலான கெரிஸ்களில் தனித் துண்டாகச் செய்து பொருத்தப்பட்டிருக்கும். பின்பு 'பாமோர்'. இருவகை இரும்பை அடுக்கி அடித்து, எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பூசும்போது ஒன்று கறுத்தும் மற்றொன்று வெளுத்தும் தெரியும் கோலம் அது.

பிடியைப் பார்த்துத்தான் பலரும் ஊரைச் சொல்லிவிடுகிறார்கள். குளிரில் கையைக் கட்டிக் குனிந்து நிற்பவர் போன்ற பிடிக்கு 'ஜாவா டெமாம்' என்று பெயர். நீண்ட மூக்கோடு செதுக்கிய பிடி பட்டாணி, கிளந்தான் பக்கத்தது. நம்முடையது ஜாவா டெமாம். ஆனால் அதனால் அலகும் அதே ஊர் என்று சொல்லிவிட முடியாது. கெரிஸ் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பொருள். பிடி உடைந்தால் வேறு பிடி, உறை உளுத்தால் வேறு உறை. அலகு ஒரு ஊர், பிடி ஒரு ஊர், உறை ஒரு ஊர் என்பது சாதாரணம். ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே விடை தேட வேண்டும். நம் கெரிஸின் உறை, அலகைவிடப் புதியது என்பது அதன் வாய் அலகோடு சரியாகப் பொருந்தாததிலிருந்து தெரிந்தது.

ஒரு காலத்தில் இது ஆண்களின் அன்றாட உடையில் ஒரு பகுதி. நாகூர் வழிவந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாஹ், 1838இல் கிழக்குக் கரைக்குச் சென்றபோது, ஆயுதம் இல்லாமல் ஆண்கள் நடமாடாததைக் குறைகூறி எழுதினார். 1823இல் சிங்கப்பூரில் ஆங்கில அதிகாரி ஃபார்குவார் கெரிஸால் குத்தப்பட்ட சம்பவத்தையும் அவர் பதிவு செய்துள்ளார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஆயுதம் தரித்து நடமாடும் வழக்கம் மெல்ல மறைந்தது. கெரிஸ்கள் வீட்டுக்குள் போயின. சில அன்பளிப்பாகவும் சில அடகாகவும் கைமாறின. நம் கடைக்காரப் பாட்டனார் கைக்கு ஒன்று வந்ததில் வியப்பில்லை.

கட்டாரி: மூன்று ஆணிகள்

கட்டாரியின் பிடி மற்றக் கத்திகளின் பிடி போன்றதன்று. இரு பக்கச் சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கம்பிகள். அவற்றை முஷ்டியால் பிடித்து நேராகக் குத்துவார்கள். விஜயநகரத்திலும் தஞ்சாவூரிலும் செய்த பழைய கட்டாரிகளில் கையை மறைக்க இலை வடிவக் கவசம் இருக்கும். நம்மிடம் வந்ததில் கவசம் இல்லை. ஆனால் அலகு பிடியோடு சேரும் இடத்தில் மூன்று ஆணிகள் அடித்திருந்தன. அலகில் நீளவாக்கில் ஆழமான பள்ளக் கோடுகள் ஓடின.

இந்த ஆணிகள் முக்கியமானவை. போர்ச்சுகீசியர் வந்தபின் ஐரோப்பிய வாள் அலகுகள் தென்னாட்டுத் துறைமுகங்களில் ஏராளமாக இறங்கின. அவற்றுக்கு உள்ளூர்ப் பிடி போட்ட வாளுக்குப் 'பிரங்கி' என்றே பெயர். உடைந்த ஐரோப்பிய அலகுகளை வெட்டி ஆணியடித்துக் கட்டாரியாக்குவதும் தென்னாட்டு வழக்கம். நம் கட்டாரியும் அவ்வகையாக இருக்கலாம். அப்படியானால், ஐரோப்பாவில் அடித்த அலகு, தமிழ்நாட்டுக் கொல்லன் கையில் கட்டாரியாகி, பிழைப்புத் தேடி வந்த ஒருவரின் பெட்டியில் பேராக் வந்து சேர்ந்திருக்கிறது.

தஞ்சாவூர் அரண்மனையின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1855இல் ஆண் வாரிசின்றி மன்னர் இறந்ததும் ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டனர். 1860களில் அரண்மனை ஆயுதங்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. சிறந்தவை எனக் கருதிய சில அருங்காட்சியகத்துக்குப் போயின. மிகப் பெரும்பகுதி உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அரண்மனைக்கே அந்தக் கதி என்றால் வீட்டுப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

திப்புவின் வாள்

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீரமரணம் அடைந்தபின், அவருடைய ஆயுதங்கள் வெற்றிப் பொருள்களாகப் பிரித்துக்கொள்ளப்பட்டன. அவருடைய படுக்கையறை வாள் 2023இல் லண்டனில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. இப்படிப்பட்ட பெயருக்குப் போலிகளும் நிறைய. திப்புவின் ஆயுதங்களில் 'பப்ரி' எனப்படும் புலிவரி அடையாளம் பரவலாகக் காணப்படும்.

நம்மிடம் வந்த வாளில் அது இல்லை. அலகு முழுவதும் ஒரே சீராக முலாம் பூசியிருந்தது. முனை தீட்டப்பட்டதே இல்லை. பிடியின் நுனியில் இயந்திரத்தில் செய்த திருகு மரை. பிடிக்குக் கீழே, துணியால் துடைத்தபோது, 'மேட் இன் இந்தியா' என்ற முத்திரை.

இதை அந்த வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினோம். சொன்னபோது பிள்ளைகள் முகம் வாடியது உண்மை. ஆனால் வீட்டின் மூத்த பெரியம்மா சிரித்துவிட்டார். "எனக்குத் தெரியும். ரஜூலா கப்பல்ல கடைசியா ஊருக்குப் போய்ட்டு வந்தப்ப மதராஸ்ல வாங்கினாங்க. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேலி பண்ணாங்கன்னு இவன் அழுதுகிட்டு வந்தான். நமக்கும் ஒரு சுல்தான் இருந்தாரு, பயப்படாதேன்னு சொல்லி இதைக் கையில கொடுத்தாங்க" என்றார். 'இவன்' என்று அவர் காட்டியது, எழுபதை நெருங்கும் தம் மகனை.

திப்புவின் வாள் இல்லை என்பது உறுதியானது. ஆனால் பால்மரத் தோட்டத்தில் பிள்ளை வளர்த்த ஒரு தகப்பனாரின் வாள் அது. அந்த வீட்டாரின் சம்மதத்தோடு இந்தக் கதையையே இங்கே பதிவு செய்கிறோம்.

கிடைக்காமல் போன நான்காவது

நான்காவது குடும்பம் ஒன்று பொருள் இல்லாமல் கதையோடு மட்டும் வந்தது. 1945இல் ஜப்பானியர் சரணடைந்தபின் தோட்டத்துப் புதரில் பாட்டனார் ஒரு ஜப்பானிய வாளைக் கண்டெடுத்தாராம். ஜப்பானியரின் 29ஆம் படைத் தலைமையகம் தைப்பிங்கில் இருந்தது. அதிகாரிகள் தங்கள் வாள்களை ஒப்படைக்க வேண்டும் என்பது சரணடைவின் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே இக்கதை நடந்திருக்கக் கூடியதே. ஜப்பானிய வாளில் பிடியின் மூங்கில் ஆணியைக் கழற்றினால், அலகின் அடித்தண்டில் செய்தவர் பெயர் வெட்டியிருப்பதுண்டு. போர்க்காலத்தில் ஆலையில் செய்தவற்றில் எண்கள் இருக்கும். ஆனால் 1948இல் அவசரகாலம் வந்ததும், பாட்டனார் பயந்து வாளை ஆற்றில் எறிந்துவிட்டார். இனி அதைக் கேட்க வழியில்லை.

வைத்திருப்போர் கவனத்துக்கு

உங்கள் வீட்டில் இப்படி ஏதேனும் இருந்தால், உப்புத்தாளோ பித்தளை பாலிஷோ போட வேண்டாம். துருவென்று நினைத்துத் தேய்க்கும்போது பாமோரும் முத்திரையும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். கெரிஸில் பழைய பாஷாணம் இருக்கலாம். தொட்டபின் கை கழுவுங்கள். பிடியை நீங்களே கழற்றாதீர்கள். அளவுகோலை அருகில் வைத்து, இருபுறமும் தெரியப் படம் எடுங்கள்.

1883இல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்தில் மலாய் ஆயுதங்கள் காட்சிக்கு உள்ளன. போய்வர ஒரு பகல் போதும். ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1936இல் ஜெரால்ட் கார்ட்னர் எழுதிய கெரிஸ் நூல், 1934இல் வெளிவந்த ஸ்டோனின் ஆயுத அகராதி ஆகியவை ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளுக்கு உதவும். தகுந்த காரணமின்றி ஆயுதத்தைப் பொது இடத்துக்குக் கொண்டு செல்வதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. ஆகவே படத்தோடு போவது நல்லது. மரபுப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு தாள். யாரிடமிருந்து வந்தது, எப்போது, யார் சொன்னது என்று எழுதி, தேதியிட்டுப் பொருளோடு வையுங்கள். இரும்பு எங்கே பிறந்தது என்பதை வல்லுநர் சொல்லிவிடுவார். அது நம் வீட்டுக்கு ஏன் வந்தது என்பதை அந்தப் பெரியம்மா போன்றவர்கள்தான் சொல்ல முடியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.