தறிச் சத்தத்துக்குள் ஒரு மொழி

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போயிருப்பீர்கள். அடுத்த முறை கடையோடு திரும்பிவிடாதீர்கள். நெசவாளர் தெருவுக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள். தறிக்காரர் உங்களிடம் நல்ல தமிழில்தான் பேசுவார். உள்ளே திரும்பி 'தண்ணி கொண்டாம்மா' என்று சொல்லும்போது மட்டும் வேறு பாஷை வரும். பல வீடுகளில் தெலுங்கு, சில வீடுகளில் கன்னடம். இன்னும் சில வீடுகளில்... இந்தியா, மராத்தியா என்று நீங்கள் குழம்புவீர்கள். தண்ணீருக்கு 'பனி', மூன்றுக்கு 'தீன்', நான்குக்கு 'சார்'. அதுதான் சௌராஷ்டிரம்!

குஜராத் எங்கே, காஞ்சி எங்கே? எப்படி வந்தார்கள்?

மத்தியப் பிரதேசத்தில் உள்ள மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தென்குஜராத்தின் லாட தேசத்திலிருந்து குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள், கி.பி. 437-ல் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டினார்கள் என்கிறது அது. சிலர் தறியை விட்டுவிட்டு வில்லைப் பிடித்தார்கள், சிலர் ஜோசியம் படித்தார்கள் என்றும் சொல்கிறது. இவர்களே தங்கள் முன்னோர் என்பது சௌராஷ்டிர மக்களின் நம்பிக்கை. அப்புறம் தேவகிரி, விஜயநகரம், நாயக்கர் கால மதுரை என்று பயணம் நீள்கிறது.

இத்தனைக்கும் கல்வெட்டு கிடையாது. ஆனால் சாட்சி இருக்கிறது. அந்த மொழியேதான்! அடித்தளம் குஜராத்தி. அதன்மேல் மராத்தி, தெலுங்கு, கடைசியாகத் தமிழ். தங்கிய ஊரெல்லாம் சில சொற்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

'எழுத்து உண்டா?' என்று கேட்பீர்கள். பேஷாக உண்டு. 'ம', 'ந', 'ர', 'ல' ஆகியவற்றோடு மூச்சைச் சேர்த்து ஒலிக்கும் பழக்கம் இந்த மொழியில் இருக்கிறது. அதைக் காட்ட 'ஹாரு' என்று தனிக் குறியே வைத்திருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் முன்பு டி.எம்.ராமராய் என்பவர் இந்த எழுத்தில் பாடநூல்களை அச்சிட்டார். ஜப்பானியரான நோரிஹிகோ உச்சிடா தொகுத்த சௌராஷ்டிர - ஆங்கில அகராதி 1990-ல் வெளிவந்தது. 2008-ல் யூனிகோடிலும் இடம் கிடைத்து, கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டது.

அப்புறம் என்ன கவலை?

பசிபிக் கடலில் நியுவே என்றொரு குட்டித் தீவு. அங்கே வசிப்பவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அதைப்போலப் பல மடங்கு பேர் நியூசிலாந்தில். அகராதி இருந்தும் அங்கே பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறிவிட, வருஷத்தில் ஒரு வாரத்தை 'நியுவே மொழி வாரம்' என்று கொண்டாடிப் பேசவைக்கிறார்கள். சௌராஷ்டிரம் பேசுவோர் 2011 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம். மதுரை, சேலம், பரமக்குடி எல்லாம் சேர்த்துத்தான். நியுவேயோடு ஒப்பிட்டால் பெரிய கூட்டம். ஆனால் நோய் ஒன்றுதான்.

இந்த மொழிக்குப் பள்ளிக்கூடமே தறிதான். அப்பா ஊடை கோக்க, அம்மா நூல் சுற்ற, பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே கற்றுக்கொண்டது. இன்றைக்குப் பிள்ளை ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறிவிடுகிறான். தவறில்லை, அவனும் பிழைக்க வேண்டுமே! மந்தசோரில் வில்லைப் பிடித்தவனும் அதைத்தானே செய்தான்?

நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால், ஒரு சின்ன வேலை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தறியின் ஒவ்வொரு பாகத்துக்கும் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அச்சிட்ட அகராதியில் இல்லாத ஒரு சொல்லாவது பாட்டியிடம் இருக்கும்.