வழிச்சுங்கமும் பொதுநலமும்: ஒரு பாலத்தின் வரலாறு

வழிச்செல்வோரிடம் சுங்கம் கொள்ளுதல் தமிழர் அறியாத முறையன்று. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பட்டமை, அச்சுமை மக்களை எத்துணை அழுத்தியிருக்கும் என்பதை உணர்த்தும். வேல்ஸ் நாட்டில் 1839 முதல் 1843 வரை மக்கள் திரண்டு சுங்கவாயில்களைத் தகர்த்தனர். பிரித்தானியாவின் சுங்கவழிக் குழுமங்களோ இருப்புப்பாதையின் வருகையால் வருவாய் குன்றி, 1895ஆம் ஆண்டோடு மறைந்தன.

இவ்வரலாறு நம் காலத்திலும் வேறோர் உருவில் நிகழ்ந்தது. டில்லியையும் நொய்டாவையும் யமுனைக்குக் குறுக்கே இணைக்க 1996இல் நொய்டா சுங்கப்பாலக் கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. 1997இல் நொய்டா அதிகாரசபையோடு ஒப்பந்தம் நிறைவேறியது. 2001இல் பாலவழி திறக்கப்பட்டது. அப்பணி அன்று பெரிதும் பாராட்டப்பட்டது. ஆயினும் தொடக்கத்தில் வாகனங்கள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை.

கேட்டின் வேர் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கம்பனிக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு 20 வீத ஆதாயம் உறுதியளிக்கப்பட்டது. குறையும் தொகை திட்டச் செலவோடு சேர்க்கப்பட்டது. அவ்வீதத்தில் 100 ரூபாய் நிலுவை நான்கு ஆண்டுகளில் 207 ரூபாயாகும். பதின்மூன்று ஆண்டுகளில் 1,000 ரூபாயைத் தாண்டும். ஆகவே மக்கள் செலுத்தச் செலுத்தக் கடன் வளர்ந்தது. சுங்கம் முடியும் நாளும் விலகிச் சென்றது.

நொய்டா குடியிருப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு நீதி வேண்டி வழக்குத் தொடுத்தது. 2016 ஒக்டோபர் 26இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்கத்தை நிறுத்தியது. கம்பனியைத் தோற்றுவித்த ஐ.எல்.எவ்.எஸ். நிதி நிறுவனமும் 2018இல் தன் கடன்களைச் செலுத்த இயலாது வீழ்ந்தது. 2024 டிசம்பர் 20இல் இந்திய உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கேள்விப்பத்திரம் கோராமலே உரிமை வழங்கப்பட்டமையையும், செலவும் ஆதாயமும் முன்னரே கம்பனிக்குக் கிடைத்துவிட்டமையையும் அது எடுத்துக்காட்டியது.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்வோர் கல்லடிப் பாலத்தை இன்று கட்டணமின்றிக் கடக்கின்றனர். ஒரு பாலம் நாளாந்த வாழ்வுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அம்மக்கள் நன்கறிவர். தனியார் முதல் பாலம் அமைத்தலில் தவறில்லை. ஆனால் கொடுத்துத் தீராத கணக்கை மக்கள்மேல் எழுதும் ஒப்பந்தம், எழுதிய கையையே ஈற்றில் முறித்துவிடும் என்பதே யமுனைக் கரை புகட்டும் பாடமாகும்.